புதுக் காரைத் தினமும் துடைக்காதீர்கள்

ஆறு மாதமே ஆன ஒரு கறுப்பு நிறக் காரை வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அதைச் சுற்றிச் சிலந்தி வலையாக மெல்லிய கீறல்கள் மின்னும். வண்டி எங்கும் உரசியிருக்காது, யாரும் ஆணியால் கோடு கிழித்திருக்க மாட்டார்கள். தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வந்தவை அவை. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லை, அவ்வளவுதான்.

புதுக் கார் வாங்குகிறவர்கள் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளத்தான் நினைக்கிறார்கள். அந்த அக்கறைதான் தினமும் துடைக்கச் சொல்கிறது. ஆனால் பெயின்ட்டின் பொலிவு போவதற்குச் சாலையைவிட வீட்டு வாசலில் நாம் செய்யும் சுத்தமே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துகொண்டால் இது புரியும். இன்றைய கார்களில் தகட்டின் மேல் இருக்கும் எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தாலே பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனம்தான் வரும். தகட்டை ஒட்டித் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமில்லாத கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம்கூட இல்லை. பளபளப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுதான். கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம் என்பார்கள். பாலிஷ் போடுவது என்றால் அந்தக் கிளியர் கோட்டில் சில மைக்ரானைச் சீவி எடுப்பது என்று பொருள். சீவியது திரும்ப வளராது. ஆகவே கீறல் விழாமல் பார்ப்பதுதான் வேலையே.

ஷோரூமிலேயே தொடங்கும் தவறு

டெலிவரிக்கு முன் வண்டியைக் கழுவித் துடைத்து ரிப்பன் கட்டித் தருவார்கள். யார்டில் பல வாரம் தூசியில் நின்ற வண்டி அது. அவசர அவசரமாக, சர்வீஸுக்கு வரும் வண்டிகளைத் துடைக்கும் அதே துணியால் துடைக்கப்படுவதும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே விற்பனைப் பிரதிநிதியிடம் சொல்லிவிடுங்கள்: தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும், துணி போட்டுத் தேய்க்க வேண்டாம், பாலிஷ் எதுவும் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் தண்ணீர்த் திட்டு இருந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பூஜை. பானெட்டில் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இடுவது நம் வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. காய்ந்த சந்தனத்தை நகத்தாலோ உலர்ந்த துணியாலோ சுரண்டுவதுதான் தவறு. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் தானே இளகி வந்துவிடும். முடிந்தால் பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள். வெள்ளைக் காரில் மஞ்சள் கறை படிந்தால் பதற்றப்பட்டுத் தேய்க்க வேண்டாம், மஞ்சளின் நிறம் வெயிலில் தானாகவே மங்கக்கூடியது. மாலையைக் கோயில் வாசலிலேயே கழற்றிவிடுங்கள். கம்பி வைத்துக் கட்டிய மாலை ஓடும் வண்டியின் காற்றில் பானெட்டை அடித்துக்கொண்டே வரும்.

ஒரு வாளி, ஒரு துணி, இருபது கார்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் துடைக்க வருகிறவரின் வாளியை ஒரு நாள் எட்டிப் பாருங்கள். நான்காவது காருக்கு வருவதற்குள் தண்ணீர் சேற்று நிறமாகிவிடும். அதே தண்ணீரில் அலசிய அதே துணி உங்கள் பானெட்டுக்கு வருகிறது. முந்தைய கார்களின் மண் எல்லாம் அந்தத் துணியின் மடிப்பில் இருக்கிறது. மண்ணில் உள்ள குவார்ட்ஸ் துகள் கண்ணாடியையே கீறக்கூடியது, கிளியர் கோட் எம்மாத்திரம்? மெட்ரோ ரயில் பணியோ கட்டுமானமோ நடக்கும் சாலைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் ஒரே இரவில் வண்டி மேல் படியும் தூசியில் சிமென்ட்டும் மணலும்தான் அதிகம்.

அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு காருக்கு ஐந்து நிமிடம்தான் அவரால் தர முடியும். வேலையை நிறுத்திவிடாமல் வேலையை மாற்றிக் கொடுங்கள். “அண்ணா, கண்ணாடியும் கால் மிதியடியும் மட்டும் தினமும் பாருங்கள், பாடியைத் தொட வேண்டாம். அதே சம்பளம்தான்” என்று சொன்னால் போதும். முதலில் நம்ப மாட்டார், ஒரு வாரத்தில் பழகிவிடும். வண்டி தூசியாக நிற்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்லலாம். சாதாரணத் தூசி சில நாள் வெறுமனே உட்கார்ந்திருப்பதால் பெயின்ட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதைத் தேய்க்கும்போதுதான் ஆகும்.

உலர்ந்த தூசியைத் தட்டும் டஸ்டருக்கும் இதுவே பொருந்தும். கார் கவரும் அப்படித்தான்: தூசி படிந்த வண்டி மேல் கவரைப் போட்டால், காற்றில் அது அசையும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் மணல் தேய்த்துக்கொண்டிருக்கும். கவர் போடுவதானால் கழுவி உலர்ந்த வண்டி மேல் போடுங்கள், மழை நாளில் ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்வதில்லை

சென்னையிலும் மற்ற ஊர்களிலும் பெரும்பாலான வீடுகளில் கார் கழுவுவது போர் தண்ணீரில். அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. வெயிலில் கழுவினால் துடைப்பதற்குள் துளிகள் காய்ந்து, உப்பு மட்டும் வெள்ளை வளையங்களாகத் தங்கிவிடும். குளியலறைக் குழாயில் படிகிற அதே உப்புதான். நாள்பட்டால் அது கிளியர் கோட்டையே அரித்துக் குழி விழவைக்கும், பிறகு பாலிஷ் போடாமல் போகாது. புதிதாகப் படிந்த கறைக்குச் சம அளவு தண்ணீர் கலந்த வினிகரை மென்துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, உடனே நல்ல தண்ணீரால் கழுவினாலே போதும்.

இங்கே ஒரு தவறான யோசனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்துங்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் சரி. ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். போர் தண்ணீரைவிட அது கடுமையானது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வேண்டாம்.

அதற்குப் பதில் ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. கோடையில் ஓர் இரவிலேயே ஒரு வாளி சேர்ந்துவிடும். கடைசி அலசலை அந்தத் தண்ணீரில் செய்து பாருங்கள், வளையமே விழாது. மழைநீரும் அதே மாதிரிதான்.

கழுவும் விதம்

வாரத்துக்கு ஒரு முறை, அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை கழுவினால் போதும். அதிகாலை அல்லது மாலை, நிழலில், பானெட்டைத் தொட்டால் சுடாத நேரமாக இருக்கட்டும். முதலில் துணியே இல்லாமல் தண்ணீரை மட்டும் அடித்துத் தூசியை ஓடவிடுங்கள். பெரும்பாலோர் அவசரத்தில் விடுவது இந்தப் படியைத்தான், கீறலில் பாதி இங்கேதான் தவிர்க்கப்படுகிறது. ஹோஸ் இல்லாவிட்டால் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் சிறிய பம்ப் ஸ்பிரேயர் ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். முடிந்த பிறகு வெறும் தண்ணீர் இருந்த வாளியின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள், நறநறவென்று மண் தட்டுப்படும். ஒரே வாளியாக இருந்தால் அத்தனையும் திரும்ப வண்டி மேல் போயிருக்கும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். அழுத்தாமல் நேர்கோட்டில் இழுங்கள். கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசியில். சக்கரத்துக்கு வேறு துணி, வேறு வாளி, ஏனென்றால் பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் அங்கே படிந்திருக்கும். ஓட்டி வந்த சூட்டில் இருக்கும் சக்கரத்தில் குளிர்ந்த தண்ணீர் அடிக்க வேண்டாம், பிரேக் டிஸ்க் கோணிவிட வாய்ப்பு உண்டு. துணி தரையில் விழுந்தால் அன்று அதைத் தொடாதீர்கள்.

பாத்திரம் கழுவும் திரவமும் துணி சோப்புத் தூளும் அழுக்கோடு பெயின்ட் மேல் பூசிய மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும். ரப்பர் ஓரங்களையும் வறளவைக்கும். தண்ணீரில் மண்ணெண்ணெய் கலந்து துடைத்தால் மினுக்கும் என்பது அம்பாசடர் காலத்துப் பழக்கம். அந்த மினுமினுப்பு எண்ணெய்ப் படலம்தான், மறுநாளே தூசியை இழுத்துப் பிடிக்கும்.

உலர்த்துவதற்குப் பழைய பனியனும் வேட்டியும் மஞ்சள் துணியும் வேண்டாம். தையல் மடிப்பில் ஒரு மணல் துகள் சிக்கினாலே பானெட் முழுக்கக் கோடு இழுக்கும். பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தாலே தண்ணீரைக் குடித்துவிடும். அந்தத் துண்டை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாமல் தனியாகத் துவையுங்கள்.

வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் விடுவதானால் பக்கத்தில் நில்லுங்கள். பிரஷ் போட வேண்டாம், எஞ்சினுக்குள் தண்ணீர் அடிக்க வேண்டாம், அடியில் டீசல் ஸ்பிரே அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டீசல் பட்டால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும்.

காத்திருக்கக் கூடாதவை

வாராந்திரக் கழுவலுக்கு விட்டுவைக்கக் கூடாதவையும் உண்டு. பறவை எச்சத்தில் அமிலம் இருக்கிறது. கறுப்பு பானெட் கோடை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும், அந்தச் சூட்டில் இளகிய கிளியர் கோட்டில் எச்சம் காய்ந்து இறுகினால் சில மணி நேரத்திலேயே தடம் பதிந்துவிடும். டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீரும் சுத்தமான மென்துணியும் வையுங்கள். நனைத்த துணியை எச்சத்தின் மேல் சில நிமிடம் போட்டு வைத்து, பிறகு தேய்க்காமல் தூக்கி எடுங்கள். ஆனி, ஆடியில் நாவல் மரத்தடியிலும், எப்போதுமே தூங்குமூஞ்சி மரத்தடியிலும் நிறுத்துகிறவர்களுக்கு இது கட்டாயம். இரவெல்லாம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் முன் பம்பரில் ஒட்டும் பூச்சிகளும் இதே வகைதான். ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று கடலோரம் போய் வந்தால் அடிப்பகுதியை மறுநாளே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கோட்டிங் விஷயம்

ஷோரூமில் டெலிவரிக்கு முந்திய நாள் செராமிக் கோட்டிங், டெஃப்லான் கோட்டிங் என்று பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பட்டியல் நீட்டுவார்கள். அன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். செராமிக் நல்லதுதான்: தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கு எளிதில் விடும். ஆனால் அதன் கனம் ஒன்றிரண்டு மைக்ரான். விளம்பரத்தில் வரும் 9ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, கல்லடியையோ மணல் துணியையோ அது தாங்காது. ஏற்கெனவே கீறல் உள்ள பெயின்ட் மேல் பூசினால் கீறலும் அப்படியே உள்ளே நின்றுவிடும். கல் தெறிப்பிலிருந்து காக்க வேண்டுமானால் பி.பி.எஃப். எனும் ஒளி ஊடுருவும் படலம்தான் வழி. விலை அதிகம் என்பதால் பானெட்டின் முன்பகுதிக்கும் பம்பருக்கும் மட்டும் ஒட்டிக்கொள்வது நடைமுறையான ஏற்பாடு.

இரண்டும் வேண்டாம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நல்ல மெழுகு போதும். புது பெயின்ட் மூச்சுவிட வேண்டும், சில மாதம் மெழுகு போடக் கூடாது என்பார்கள். தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி அடுப்பில் வெந்து வந்த பெயின்ட்டுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. விபத்துக்குப் பிறகு பட்டறையில் அடித்த பெயின்ட்டுக்குத்தான் அது பொருந்தும்.

உள்ளே செய்ய வேண்டியது குறைவு. சீட்டின் பிளாஸ்டிக் உறையை முதல் நாளே கழற்றிவிடுங்கள், வியர்வையும் ஈரமும் அதனடியில் தங்கி நாற்றமெடுக்கும். டாஷ்போர்டில் எண்ணெய் மினுக்கும் பாலிஷ் போட்டால் அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசவைக்கும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அது பட்டால் வழுக்கும், ஆபத்து.

மாதம் ஒரு முறை பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடியின் அடியில் வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். வேப்பிலைச் சருகு அங்கேதான் சேரும். அது வடிகால் துளையை அடைத்தால் மழைத் தண்ணீர் காருக்குள் இறங்கும். கதவின் அடி விளிம்பிலும் சிறிய வடிகால் துளைகள் உண்டு, சேறு அடைத்திருந்தால் குச்சியால் நீக்குங்கள். கழுவி முடித்த கையோடு வண்டியை நிறுத்திவிடாமல் தெருவில் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை மென்மையாக மிதித்து ஈரத்தை உலர்த்திய பிறகு நிறுத்துங்கள்.