புதைபடிவம் தேடிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்களா?

சென்ற மாதம் பாம்பன் கரையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பை கொடுத்து, "டைனோசர் எலும்பு கிடைத்தால் கொண்டுவாருங்கள்" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். நான் முதல் தடவை செய்ததும் அச்சுப் பிசகாமல் இதேதான். தொப்பி, குடிநீர் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை அம்மாக்களே பார்த்துக்கொள்வார்கள்.

டைனோசர் காட்டுவதாக வாக்குக் கொடுப்பது

பாம்பன் பக்கம் அலைமட்டத்துக்கு மேலே நிற்கும் பழைய பவளப்பாறைக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கணக்கு உதைக்கிறது. எலும்பு வேண்டுமானால் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டுக்குப் போகவேண்டும். அதே வட்டாரத்தில் காரை என்ற ஊரில்கூடக் கிடைப்பது பெரும்பாலும் பழைய கடல் உயிர்களின் படிவங்கள்தான்.

பார்த்ததும் பொறுக்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, பாதி என்மீதே. முதல் பயணத்தில் நாற்பது பிள்ளைகளைப் பஸ் பிடித்துக் காரைக்கு அழைத்துப் போனேன். எல்லாம் பெற்றோரின் கைக்காசு. ஓடைப் பள்ளங்களில் பெலம்னைட் (கணவாய்போன்ற, அழிந்துபோன கடலுயிர்) துண்டுகள் துப்பாக்கி ரவைபோலச் சிதறிக் கிடந்தன. கண்ணாடிச் சில்லாக மின்னிய ஜிப்சம் என்ற மெதுவான கனிமத்தில் நகம் பட்டதும் கீறல் விழ, ஒரே கூச்சல். மாலைக்குள் ஒரு சாக்கு நிறைந்துவிட்டது.

ஊர் திரும்பி ஆய்வகத் தரையில் கொட்டியபோது ஒரு சுறாப்பல் உருண்டு வந்தது. சுண்டுவிரல் நக அளவுதான். விளிம்பில் கூர்மை அப்படியே இருந்தது. நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். புரட்டிப் பார்த்தவர், "களிமண்ணில் பதிந்திருந்ததா, பள்ளத்தில் உருண்டு கிடந்ததா?" என்றார். எடுத்தது யார் என்பதே எனக்குத் தெரியாது. "அப்படியானால் இது அழகான பல், அவ்வளவுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதிந்திருந்தால் அது அந்த மண்ணடுக்கின் காலத்தைச் சேர்ந்தது. உருண்டு கிடந்தால், மேலே எந்த அடுக்கிலிருந்து மழை அறுத்துக்கொண்டு வந்ததோ, யார் கண்டது?

இதைப் புரியவைக்க அரியலூர் வரை போகவேண்டியதில்லை. பாம்பனில் ஒரு மூளைப் பவளம் நிமிர்ந்து நின்றால் அங்கேயே வளர்ந்தது. கவிழ்ந்து கிடந்தால் புயலோ அலையோ புரட்டிப்போட்டது. கையில் எடுத்துத் திருப்பிய நொடியே அந்தச் சாட்சி போயிற்று. ஆகவே என்னிடம் இப்போது பை கிடையாது. தரையில் விரித்து உள்ளே கிடப்பதை வரைய ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரம், நோட்டு, பென்சில், அளவு காட்டப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம். வரைந்து முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. "முதலில் எடுத்துக்கொள்வோம், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதலாம்" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பஸ்ஸில் பிள்ளைகள் தூங்கத்தான் செய்வார்கள்.

உருண்டையெல்லாம் முட்டை என்பது

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று ஊரே பரபரத்தது. முட்டையல்ல, கடலடிப் படிவு திரண்டு இறுகிய உருண்டைகள் என்று நிபுணர்கள் பிறகு விளக்கினார்கள்.

சுத்தியல்

ஒன்று போதும். அதுவும் ஆசிரியர் கையில்.

பவளத்துண்டை நினைவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோவது

பவளத்துக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் இருக்கிறது. "கரையில் ஒதுங்கிக் கிடந்தது" என்பது வனத்துறையிடம் எடுபடாது. அந்தப் புது ஆசிரியரிடமும் இதைச் சொன்னேன். உடனே பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டு பையன்கள் மட்டும் கொடுக்கவில்லை.