மதகில் உட்காரும் பையனை என்ன செய்வது

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் நடுவே இருக்கிறது. அதனால் மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை எங்களுக்கு உண்டு. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, எல்லையைத் தாண்டினால் மதுச் சரக்கு விலை குறைவு, அதைப் புத்தகப் பையில் போட்டு இந்தப் பக்கம் கொண்டுவர மீசை முளைக்காத பையன்தான் வசதி, செக்போஸ்ட்டில் அவன் பையை யார் பிரிக்கப் போகிறார்கள் என்று ஒரு கணக்கு. ஒரு நடைக்கு நூறோ இருநூறோ கையில் விழுந்தால் எட்டாவது படிக்கிறவனுக்கு அது சம்பளம் மாதிரி. இப்படிப் பையன்கள் வம்பில் மாட்டாமல் தடுக்க நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சில வருஷமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றதை எழுதுகிறேன், உங்கள் ஊருக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விட்டுவிடுகிறது. அம்மா டவுனில் ஜவுளிக்கடை வேலை முடிந்து பஸ் பிடித்து வர ராத்திரி ஒன்பது ஆகும், அப்பா திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். இந்த இடைவெளியில்தான் பையன் வாய்க்கால் மதகில் போய் உட்காருகிறான், பைக்கில் ஓர் 'அண்ணன்' வந்து பக்கத்தில் உட்காருகிறான், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ள ஒரு புகையிலைப் பொட்டலம் நீட்டுகிறான். நல்லவனாக இரு என்று அவனுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் எங்கே என்று தேட ஒருவரும் இல்லை. அந்த ஒருவராக இருப்பதுதான் வேலை.

யாரைத் தேடுவது? 'கெட்ட பையன்' பட்டியல் போடாதீர்கள். வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பேசி, தொடர்ந்து மூன்று நாள் வராத பையன் யார் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளே வீட்டுக்குப் போய்விட வேண்டும், மூன்று வாரம் போனால் அவனுக்கே பள்ளிக்குத் திரும்ப வெட்கம் வந்துவிடும். போனதும் "ஏன்டா வரலை" என்று ஆரம்பிக்கக் கூடாது. நான் முதல் தடவை அப்படித்தான் ஆரம்பித்தேன், பையன் கொல்லைப்பக்கமாகப் போனவன் வரவே இல்லை. அடுத்த தடவை அவன் பாட்டியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "கபடிக் கோடு போட ஆள் இல்லை, அவனை அனுப்புங்க" என்று மட்டும் சொல்லி வந்தேன். வந்தான். சுண்ணாம்பு டப்பாவை அவன் கையில் கொடுத்தோம். கோடு கோணலாகத்தான் வந்தது, ஆனால் அதை மிதித்து அழித்த பெரிய பையன்களை அவன் விரட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து கோடு அவன் பொறுப்பு.

அப்புறம், வம்பில் மாட்டும் பையன்களை மட்டும் பொறுக்கி ஓர் இடத்தில் கூட்டாதீர்கள். ஒருவனுக்குத் தெரிந்த திருட்டு வித்தை பத்துப் பேருக்கும் தெரியவரும், அவ்வளவுதான் லாபம். படிக்கிறவன், படிக்காதவன், எந்தத் தெருக்காரன் என்று பார்க்காமல் எல்லோரையும் சேருங்கள். பலகையில் 'சீர்திருத்த' என்ற சொல்லே வரக் கூடாது. எங்களுடையது வெறும் கபடிக் குழு. களத்துமேட்டில் ஒரு விளக்கு, ஆறு மணிக்குச் சுண்டல், ஆட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம், பேர் எழுத ஒரு நோட்டு. சுண்டலை லேசாக நினைக்காதீர்கள், பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள், வரட்டுமே.

ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நாலு தட்டு தட்டச் சொன்னால் சரியாகிவிடுவான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவில் 1970களில் பையன்களைச் சிறைக்கே கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டிப் பார்த்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது, போகாதவர்களைவிடப் போய்வந்தவர்கள்தான் அதிகம் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். பயம் ஒரு வாரத்தில் போய்விடும், அவமானம் போகாது.

பொட்டலம் நீட்டும் அண்ணனோடு நீங்களாக மல்லுக்கு நிற்க வேண்டாம், பையனைச் சாட்சிக்கு இழுக்கவும் வேண்டாம். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில், 18 வயது நிரம்பாதவனுக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. சரக்கு கடத்தப் பிள்ளைகளைப் பயன்படுத்தினால் 78ஆம் பிரிவிலும் அதே தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்துச் சொல்லுங்கள். பைக் விஷயத்தில் பெற்றோரிடமும் கறாராகப் பேச வேண்டும். சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்று சொன்னால் சாவியை ஒளித்து வைக்கிறார்கள்.

காசு ஆசைக்கு உபதேசம் பலிக்காது. பத்தாவது தவறியவனை அந்த வருஷமே துணைத்தேர்வு எழுத வையுங்கள், எட்டாவது முடித்தவனுக்கும் ஐடிஐயில் சில பிரிவுகள் உண்டு, விண்ணப்பம் போட ஒருவர் கூடப் போனால் போதும்.

இவ்வளவுக்கும் மேல் ஒருவன் போலீஸில் மாட்டிக்கொண்டால் அவன் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுங்கள், ஏனென்றால் வயதை வைத்துத்தான் மற்றதெல்லாம். 18க்குள் என்றால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தை யாராவது போட்டிருந்தால் உடனே அழிக்கச் சொல்லுங்கள், பெயரையும் படத்தையும் வெளியிடுவதே குற்றம். அவன் திரும்பி வரும் அன்று "எங்கடா போயிருந்த" என்று யாரும் கேட்கக் கூடாது என மற்ற பையன்களிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள். சுண்ணாம்பு டப்பா அதுவரை வேறு யாரிடமாவது இருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள்.