தொழில் உளவியலில் மேற்படிப்பு: எங்கே சேரலாம் என்று எப்படி முடிவெடுப்பது?

தொழில் மற்றும் நிறுவன உளவியல் படிக்க முடிவு செய்துவிட்டீர்கள். உடனே பல்கலைக்கழகங்களின் தரவரிசையைத் தேடாதீர்கள். இந்தத் துறையில் பெரிய பெயரைவிட, உங்களுக்கு யார் என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

முதல் படி: என்ன வேலை பார்க்க ஆசை என்று எழுதிக்கொள்ளுங்கள்

துறையின் பெயரிலேயே இரண்டு பாதி இருக்கிறது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, பணிப் பகுப்பாய்வு (ஒரு வேலையில் என்னென்ன செய்ய வேண்டும், அதற்கு என்ன திறன் தேவை என்று ஆராய்வது), செயல்திறன் மதிப்பீடு, பயிற்சி எல்லாம் 'தொழில்' பக்கம். ஊக்கம், தலைமை, குழு, பணியிடச் சூழல் ஆகியவை 'நிறுவன' பக்கம். பல இடங்களில் ஒரு பக்கம்தான் வலுவாக இருக்கும்.

இரண்டாம் படி: முதுகலையா, முனைவர் பட்டமா?

முதுகலைக்குப் பெரும்பாலும் 2 ஆண்டுகள். முனைவர் பட்டம் 4, 5 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல். மனிதவளத் துறை, ஆலோசனை நிறுவனம், பணியாளர் தரவு ஆய்வு போன்றவற்றில் நுழைய முதுகலையே பலருக்குப் போதும். ஆராய்ச்சியும் பல்கலைக்கழகப் பணியும்தான் கனவு என்றால் முனைவர் பட்டம் வேண்டும்.

மூன்றாம் படி: பாடத்திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள்

இங்கே அவசரம் வேண்டாம். புள்ளியியல் எத்தனை தாள்? உளவியல் அளவீட்டுக்கு, அதாவது திறனையும் குணத்தையும் தேர்வுகளால் அளப்பதற்கு, தனித் தாள் உண்டா? ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு நிறுவனம் 300 விண்ணப்பதாரர்களுக்கு ஒரு தேர்வு வைக்கிறது என்று வையுங்கள். அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் பிறகு வேலையையும் நன்றாகச் செய்கிறார்களா? இதைச் சரிபார்க்க, தேர்வு மதிப்பெண்ணுக்கும் பின்னாளைய செயல்திறனுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட வேண்டும். சரியாகச் செய்யத் தெரியாவிட்டால், தகுதியான ஒருவர் காரணமே இல்லாமல் வேலையை இழக்கக்கூடும். அதனால்தான் தலைமைத்துவம் பற்றி நான்கு தாளும் புள்ளியியலுக்கு ஒரே ஒரு தாளும் வைத்திருக்கும் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு பயமாக இருக்கிறதா? பரவாயில்லை, அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் இடமாகப் பாருங்கள்.

அங்கீகாரம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், பள்ளி உளவியல் போன்ற படிப்புகளுக்குத்தான். இந்தத் துறைக்கு அது கிடையாது. ஆகவே அமெரிக்காவில் இந்தத் துறைப் படிப்பு ஒன்றுக்கு அது இல்லை என்றால் குறையென்று நினைக்க வேண்டாம். இந்தத் துறைக்கென்றே அமெரிக்காவில் இருக்கும் தொழில் மற்றும் நிறுவன உளவியல் சங்கம் (SIOP), மேற்படிப்புகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

நான்காம் படி: ஆசிரியர்களைப் பாருங்கள்

முனைவர் பட்டத்துக்கு இதுவே பாதி முடிவு. உங்கள் ஆர்வத்தை ஒட்டி ஆய்வு செய்பவர் ஒருவராவது இருக்கிறாரா? கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளில் மாணவர்களின் பெயரும் இருக்கிறதா? இருந்தால், அவர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்கிறார் என்று அர்த்தம். அப்புறம், வரும் ஆண்டு புதிய மாணவரை எடுக்கிறாரா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது படிப்பவர்களிடம் பேசுங்கள்

"படிப்பு எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதைவிட, "உள்ளகப் பயிற்சியை யார் தேடித் தந்தார்கள்? போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள்? ஆசிரியர் உதவியாளர் பணியும் கட்டணச் சலுகையும் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, பதில்களை முதல் படியில் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் விரும்பும் வேலைக்கு அங்கிருந்து யாருமே போகவில்லை என்றால், அந்தப் பெயரை அடித்துவிடலாம்.