மாறும் பிட்ச் புரொப்பெல்லருக்கு டெயில் ரோட்டர் ஹப்

ஆர்சி விமானத்துக்கு (ரேடியோவில் இயக்கும் மாடல் விமானம்) மாறும் பிட்ச் புரொப்பெல்லர், அதாவது ஓடும்போதே பிளேடின் சாய்வுக் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பெல்லர் செய்ய, பிளேடுகளைப் பிடிக்கும் நடுப்பகுதியான ஹப்பைப் புதிதாகக் கடைய வேண்டாம். ஆர்சி ஹெலிகாப்டரின் வாலில் சுழலும் டெயில் ரோட்டர் செட்டை அப்படியே எடுத்து, நீளமான ஷாஃப்ட் உள்ள பிரஷ்லெஸ் மோட்டாரில் மாட்டி, ஷாஃப்டில் முன்னும் பின்னும் நகர்ந்து பிட்ச்சை மாற்றும் ஸ்லைடரை ஒரு சின்ன சர்வோவோடு (சிக்னலுக்கு ஏற்ப கையை அசைக்கும் குட்டி மோட்டார்) இணைத்துவிடுங்கள்.

இந்த வேலையில் பிட்ச்சை மாற்றுவது சுலபம், சுழலும் பிளேடைப் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். 5 கிராம் பிளேடு ஒன்றின் எடைமையம் அச்சிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருந்து, நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடினால், சுமார் 33 கிலோ தொங்குகிற அளவுக்கு அது வெளியே இழுக்கும். அத்தனை இழுப்பிலும் பிளேடு லேசாகத் திரும்ப வேண்டும். டெயில் ரோட்டரில் பிளேடைப் பிடிக்கும் கிரிப் இதற்கென்றே செய்யப்பட்டது. உள்ளே இந்த வெளி இழுப்பைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் உள்ள வகையாகப் பார்த்து எடுங்கள். வெறும் பால் பேரிங் என்றால் சுமையில் இறுகி சர்வோவைத் திணறடிக்கும்.

செட்டோடு வந்ததைவிட நீளமான, கனமான பிளேடு போட்டால் சுற்றைக் குறைத்தே ஆக வேண்டும். சுற்று இரட்டிப்பானால் இழுப்பு நான்கு மடங்கு.

பெட்ரோல், குளோ (மெத்தனால் எரிபொருளில் ஓடும்) எஞ்சின்களுக்கு இது வேண்டவே வேண்டாம், அந்த அதிர்வில் திருகுகள் தளர்ந்துவிடும். வேகமாகவோ நீண்ட நேரமோ பறக்கும் விமானத்துக்கும் சாதாரண புரொப்பெல்லரே மேல். சாதாரண புரொப்பெல்லர் பிளேடில் அடியிலிருந்து நுனி வரை கோணம் மாறும் முறுக்கு இருக்கும்; டெயில் பிளேடில் அது கிடையாது, அதனால் பேட்டரி வீணாகும். பின்னோக்கிய உந்துவிசை தேவைப்படும் சாகச விமானத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். அப்புறம், முதல் முறை ஓட்டும்போது பிளேடு சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.