வரைந்த கோட்டைப் பார்த்து நடனம் ஆடும்போது எங்கே தவறுகிறது?

ஓவியத்தைத் தூண்டுகோலாக வைத்து இம்ப்ரவைசேஷன் (முன்கூட்டியே அமைக்காமல் அந்தக் கணத்தில் தோன்றுவதை ஆடுவது) செய்பவர்கள் பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். படத்தில் என்ன இருக்கிறதோ அதுவாகவே ஆகிவிடப் பார்க்கிறார்கள். வளைவு இருந்தால் கையை வளைத்து நிற்பார்கள், சுழி இருந்தால் ஒரு சுற்று சுற்றுவார்கள். அதோடு சரக்கு தீர்ந்தது. கண்ணுக்கு முதலில் அகப்படுவது உருவம்தான். அதை எட்டியதும் உடம்புக்கு மேற்கொண்டு வேலை இல்லாமல் போஸ் கொடுத்து நின்றுவிடுகிறது.

பரதம் பயின்றவர்களுக்கு இதிலேயே இன்னொரு வகை. தாளில் பூ மாதிரி ஏதாவது தெரிந்தால் கை தன்னால் அலபத்மம், அதாவது மலர்ந்த தாமரையைக் காட்டும் முத்திரை, பிடிக்கும். அபிநயத்துக்கு அது வேண்டிய பழக்கம். இங்கே, கோட்டைச் சொல்லாக்கி, சொல்லை முத்திரையாக்கினால் கோடு நடுவழியிலேயே காணாமல் போகிறது.

பார்க்க வேண்டியது கோடு போடப்பட்ட விதத்தை. ஒரு சார்க்கோல் (வரையும் கரித்துண்டு) கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் இடத்தில் கருமை திட்டாக இருந்தால் கை அங்கே அழுத்தி நின்றிருக்கிறது. நடுவில் தாளின் சொரசொரப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தால் கை லேசாக ஓடியிருக்கிறது. முடிவு வால்போல மெலிந்தால், ஓடிக்கொண்டே தாளைவிட்டு எழும்பியிருக்கிறது. இந்த மூன்றையும் ஆடலாம்: பாதம் தரையை அழுத்துகிறது, எடை பக்கவாட்டில் சரிந்து ஓடுகிறது, குதிகால் மெல்லக் கிளம்புகிறது. கோட்டின் வளைவு உடம்பில் எங்கேயும் தெரியாமல் போனாலும் பரவாயில்லை. ஆடுவதற்கு முன், விரலைத் தாளில் படாமல் கோட்டின்மேல் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். எங்கே வேகம், எங்கே தயக்கம் என்பது விரலுக்குப் பிடிபட்டுவிடும்.

உருவத்தை அப்படியே எடுத்து ஆடவே கூடாதா என்றால், அப்படியில்லை. கவிஞரும் ஓவியருமான ஹென்றி மிஷோ 1951-ல் வெளியிட்ட மை ஓவியங்களைப் பக்கம் பக்கமாக எடுத்து, ஒவ்வொரு மைத்தீற்றலையும் நடனக்காரர்களின் உடம்பில் ஏற்றினார் கனடாவின் நடன அமைப்பாளர் மரி ஷுயினார். 2011-ல் வந்த அந்தப் படைப்பு முன்கூட்டியே அமைக்கப்பட்ட நடனம். உருவத்தை விடாமல் பிடிப்பதே அங்கே விதி. இம்ப்ரவைசேஷனில் அந்த விதியை அரைகுறையாகக் கடன் வாங்குவதால்தான் சிக்கல்.

ஆடுவதற்கான படத்தை நாமே வரையும்போது தாளிலும் தவறு நடக்கிறது. ஏ4 தாளில் பென்சிலால் வரைந்தால் விரலும் மணிக்கட்டும்தான் வேலை செய்யும். அந்தக் கோட்டிலிருந்து முழு உடம்புக்கு அதிகம் கிடைக்காது. 22×28 அங்குல சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, முட்டிபோட்டுத் தோளிலிருந்து வரையுங்கள். இரண்டு நிமிடம் போதும், அழிரப்பர் வேண்டாம். நன்றாக வரையத் தெரிந்தவர்கள் பழகாத கையில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கை அழகை நோக்கியே போகும்.

வரைந்ததை முழுவதுமாக ஆட முயல்வது அடுத்த தவறு. நாற்பது கோட்டை ஒரே நேரத்தில் நினைவில் வைத்தால் எதுவுமே உடம்பில் இறங்காது. அட்டையில் 5 செ.மீ. சதுர ஜன்னல் வெட்டி, படத்தின்மேல் நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்துங்கள். அதற்குள் தெரிவதை மட்டும் மூன்று நிமிடம் ஆடலாம். ஜன்னலுக்குள் பாதி வெற்றிடமாக இருந்தால் ஆட்டத்திலும் பாதி அசைவின்மை இருக்கட்டும். வெற்றிடத்தை நிரப்பத் துடிப்பவர்களே அதிகம்.

தாளின் மேல்பக்கம் எது என்று தீர்மானிக்காமல் தொடங்குபவர்களும் உண்டு. மேல்பக்கம் அறையின் முன்சுவர் என்றால் கோடு நடக்கும் பாதையாகிறது, கூரை என்றால் காற்றில் எழும் அசைவாகிறது. ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஆடுங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். சிக்குக் கோலத்தைப் பாதையாக எடுத்தால் இது நன்றாக விளங்கும். கோடு புள்ளிகளைச் சுற்றுமே தவிர எதையும் தொடாது. தரையில் சாக்பீஸால் ஐந்து புள்ளி வைத்து, எதையும் மிதிக்காமல் வளைந்து போகும்போது இடுப்பு தானாகத் திரும்பத் தொடங்கும். கோலத்தின் சமச்சீரை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

கையால் மட்டுமே கோடு இழுப்பதும் பரவலான பழக்கம். நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் இம்ப்ரவைசேஷன் பயிற்சிகள் 1999-ல் சிடி-ரோமாக வெளிவந்தன. அவற்றில் முழங்கை, தோள், முழங்கால் எல்லாமே காற்றில் கோடு போடும். ஒரு சுற்றுக்கு ஓர் உறுப்பு என்று வைத்துக்கொண்டு, கையை முதல் இரண்டு சுற்றுக்கு விலக்கி வையுங்கள்.

இசையை முதலிலேயே போட்டால் தாளம் கோட்டின் வேகத்தை விழுங்கிவிடும். முதல் சுற்று மௌனத்தில் போகட்டும். படத்தை முப்பது விநாடி பார்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள், எட்டி எட்டிப் பார்த்தால் கழுத்து தாளோடு கட்டுண்டு கிடக்கும். ஆடும் இடத்திலிருந்து தாளை எடுத்து, சார்க்கோல் தூளை ஈரத்துணியால் துடைத்து, தரை நன்றாக உலர்ந்தபின் ஆடுங்கள். வெறுங்காலுக்கு அந்தத் தூளும் கிரேயான் துணுக்கும் வழுக்கும்.