டிஸ்க்கில் கோலம் போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூர் பேரங்காடிகளில் சாயமேற்றிய அரிசியில் பெரிய பெரிய கோலங்கள் போடுவார்கள். அதைப் பார்த்த ஆசையில், எங்களோடு டிஸ்க் கோல்ஃப் (தட்டையான பிளாஸ்டிக் வட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் விளையாட்டு) விளையாடும் தம்பி ஒருவர் தன் வெள்ளை டிஸ்க்கில் மயில் கோலம் வரைந்து கொண்டுவந்தார். அவ்வளவு அழகு! ஆனால் வரைந்தது அக்ரிலிக் பெயின்டில். விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தேன். தோகையின் ஒவ்வொரு கோட்டிலும் நகம் தடுக்கியது.

அதுதான் முதல் தவறு. தொட்டால் தெரியும் தடிமனுள்ள எதையும் டிஸ்க்கின் மேல் பூசக் கூடாது என்கிறது இந்த விளையாட்டின் சங்கமான பிடிஜிஏவின் விதி. நகப்பூச்சும் அப்படித்தான். எடைக்கும் வரம்பு உண்டு: விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம். 21.2 சென்டிமீட்டர் டிஸ்க் என்றால் சுமார் 176 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே 175 கிராம் உள்ள டிஸ்க்கில் பெயின்டுக்கு இடம் எங்கே? விதிக்குப் புறம்பான டிஸ்க்கைப் போட்டியில் எறிந்தால், எச்சரிக்கை கிடையாது, நேராக 2 எறிதல் தண்டம், அதாவது உங்கள் எறிதல் கணக்கில் இரண்டு கூடும்.

அப்படியென்றால் அலங்காரமே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். பிளாஸ்டிக்குக்கு உள்ளே ஊறும் சாயத்தில் செய்யுங்கள். சாயம் மேலே படியாது, அதனால் தடிமனும் இல்லை. மார்க்கர் பேனா மையும் பரவாயில்லை. ஆனால் சாயம் சீக்கிரம் பிடிக்கட்டும் என்று கொதிக்கும் நீரில் போடாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். நம்ம ஊர் மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டாலே அது நெளியும். கம்பெனி முத்திரையை அழிக்க அசிட்டோன் பயன்படுத்துவதிலும் கவனம் வேண்டும். விலை குறைந்த பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை அது அரித்துவிடும்.

அடுத்தது உப்புத்தாள். மரத்தில் மோதிய சிராய்ப்பையோ வார்ப்பில் வந்த பிசிறையோ அளவாகத் தேய்க்கலாம். பறக்கும் விதத்தையே மாற்றுகிற அளவுக்கு விளிம்பைத் தேய்த்தால் அது விதிமீறல். விரிசல் விட்ட டிஸ்க், மாட்டி வைக்கத் துளை போட்ட டிஸ்க், இரண்டையும் போட்டிப் பையில் வைக்காதீர்கள்.

அப்புறம், கோலத்தில் மனம் போய்ப் பெயர் எழுத மறந்துவிடுகிறார்கள். உங்களுடையது என்று தெரியும் தனி அடையாளம் இல்லாத டிஸ்க்கை எறிந்தால் முதலில் எச்சரிக்கை, அதன் பிறகு ஒவ்வொரு எறிதலுக்கும் 1 தண்டம். அடிப்பக்கத்தில் பெயரோடு தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். லாலாங் புல்லுக்குள் விழுந்த டிஸ்க் வேறொருவர் கையில் கிடைத்தால், அந்த எண்ணைப் பார்த்துத்தான் உங்களைக் கூப்பிடுவார்.