ரிஷோ பாதிரியாரின் இரட்டை நட்சத்திரத்தைக் கொடைக்கானலிலிருந்து பார்க்க

கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் சிலர் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தை எட்டிப் பார்ப்பார்கள், ராத்திரி வானத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. மார்ச், ஏப்ரலில் வந்தால் ரிஷோ பாதிரியார் பார்த்ததைத் தேடிப் பாருங்கள்.

ழான் ரிஷோ பிரெஞ்சு சேசு சபைக் குரு. 1687-இல் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போன குழுவில் இருந்தவர். வானியலில் பிரியம் வைத்திருந்த மன்னர் நாராய் இருந்தவரை கவலையில்லை, 1688-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்களைத் துரத்திவிட, புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தபோதுதான், 12 அடி நீளத் தொலைநோக்கியில் ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரம் ஒன்றல்ல, ஒட்டி நிற்கும் இரண்டு என்று கண்டார். அவர் தேடியது அதை இல்லை. ஆனாலும் விட்டுவிடாமல் குறித்து வைத்தாரே, எனக்கு அதுதான் பெரிது.

சரி, முதலில் இடம். தெற்கே மரமோ கட்டடமோ மறைக்காத மலை விளிம்பு வேண்டும், பெரியகுளம் பக்கம் பார்த்த அறையோ மொட்டைமாடியோ கிடைத்தால் நல்லது. உச்சிக்கு வரும்போதுகூட இந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 19 பாகைதான், அதாவது நீட்டிய கையில் இரண்டு முஷ்டி உயரம். புதுச்சேரியில் இன்னும் தாழ்வு.

அப்புறம் நேரம். மார்ச் கடைசியில் அதிகாலை இரண்டரை மணி, ஏப்ரல் கடைசியில் நள்ளிரவு தாண்டி அரைமணி, மே மூன்றாம் வாரத்தில் 11 மணி. முன்பின் ஒரு மணிநேரம் பரவாயில்லை.

தெற்கே பார்த்தால் திரிசங்கு, அதாவது சிலுவை வடிவில் நிற்கும் நட்சத்திரக் கூட்டம் தெரியும். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், சிலுவையை விட்டுத் தள்ளியிருப்பதுதான் நம்முடையது. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், சாதாரண பைனாகுலரும் பிரிக்காது. 60 மி.மீ. தொலைநோக்கியும் 80 மடங்கு உருப்பெருக்கமும் போதும். இவ்வளவு தாழ்வில் காற்று படத்தைக் கொதிக்க வைக்கும், அதனால் கண்ணை எடுக்காமல் பொறுத்திருங்கள், நடுவே ஓரிரு நொடி அடங்கும், அப்போது இரண்டும் தனித்தனியாக நிற்கும். ஒன்றையொன்று சுற்றிவர அவற்றுக்குச் சுமார் 80 வருஷம் ஆகிறது.

தொலைநோக்கியை அறைக்குள்ளிருந்து எடுத்ததும் பார்க்க உட்காராதீர்கள், குளிருக்குப் பழக அரைமணி வெளியே வையுங்கள். லென்ஸில் பனி படிந்தால் துணியால் தேய்க்க வேண்டாம், ஹேர் டிரையரை மெல்லிய சூட்டில் காட்டினால் போய்விடும்.